எதிர்வாசலுக்குப் போன வண்டி

செம்மேட்டுப்புதூரில் நாச்சிமுத்துவின் பிக்கப் வண்டி, ஓட்ட ஆளில்லாமல், சாவி போடாமல், கைப்பிரேக் இழுத்தது இழுத்தபடியே, தானாகக் கிளம்பி வாசலைவிட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து, எதிர்வீட்டு மயில்சாமியின் வாசலில் போய் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில். பால் கறக்க எழுந்த நாலைந்து பேர் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பாலைக் கறந்தார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளியை வாங்க நாதியில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஊருக்கு அந்தக் கவலையே கழுத்துவரைக்கும் இருந்தது, வண்டி ரோட்டைத் தாண்டியதை எவன் தூக்கிப் பிடிப்பான்? தூக்கிப் பிடித்தவர் ஒருத்தர்தான். அது நாச்சிமுத்து.

அந்த ஊரில் பாதி வீட்டு வாசலில் பழைய பிக்கப் ஒன்று வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மார்க்கெட்டுக்குப் போக வண்டி வேண்டும், புதுசு வாங்க வக்கில்லை, ஆகவே எவனோ எங்கேயோ ஓட்டித் தேய்த்துக் கழித்துக்கட்டியதை இழுத்து வந்து, வேப்பமரக் கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு எஞ்சினைத் தூக்கி, துருவைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, சரக்குத் தொட்டியை ஒரு முழம் நீட்டி, எல்லாவற்றையும் வாசலிலேயே செய்துகொள்வார்கள். உள்ளே ரசம் கொதிக்கும், வெளியே பிஸ்டன் டீசலில் ஊறும். இந்த வேலைக்கு ஊரில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. பிரித்த வண்டியின் நட்டு போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வண்டிக்கு முன்னாலேயே, அதன் பார்வையிலேயே வைக்கவேண்டும். எக்காரணம் கொண்டும் வீட்டு நிலைப்படிக்குள் கொண்டுபோகக்கூடாது. தன் உறுப்பு எங்கே இருக்கிறதென்று வண்டிக்குத் தெரியவேண்டுமாம், இல்லாவிட்டால் மனசு விட்டுவிடுமாம். எவனும் இதை மீறியதில்லை. மீறினால் என்ன ஆகுமென்று பார்த்தவனும் இல்லை.

இந்த வேலையில் நாச்சிமுத்துதான் ஊருக்குப் பெரிய கை. எதிர்வீட்டு மயில்சாமியோ ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்கிற ரகம். ரெண்டு பேரும் சகலைகள். அக்கா சாந்தாமணியை நாச்சிமுத்து கட்டினார், தங்கை கலாமணியை மயில்சாமி கட்டினான், மாமனார் கொடுத்த இடத்தில் எதிரெதிராக வீடு கட்டிக்கொண்டார்கள். கட்டின நாளிலிருந்து நாச்சிமுத்துவுக்குப் பொறாமை. அதை மறைத்துப் பேச என்ன இருக்கிறது, பொறாமைதான், அசல் பொறாமை. இவர் போர் போட்டால் புழுதி வரும், அடுத்த வாரம் மயில்சாமி போட்டால் தண்ணீர் பீச்சியடிக்கும். மாமனார் வீட்டு விருந்தில் இவர் இலையில் எலும்பு விழும், அவன் இலையில் ஈரல் விழும். இவர் சோறு போட்டு வளர்த்த நாய் அவன் வீட்டுப் படியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவன் இதற்கெல்லாம் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போட்டதில்லை. சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே நாச்சிமுத்துவுக்கு அடிவயிற்றில் அடுப்பு மூட்டின மாதிரி இருக்கும்.

வண்டியும் முதலில் மயில்சாமியுடையதுதான். ஆயில் மாற்றாமல், தண்ணீர் ஊற்றாமல், அதைக் கொன்றே போட்டுவிட்டு முருங்கை மரத்தடியில் விட்டிருந்தான். தொட்டிக்குள் கோழி முட்டையிட்டது, கேபினுக்குள் எலி குட்டி போட்டது. "எடைக்குப் போடறதுக்குப் பதிலா எனக்குக் குடு" என்று நாச்சிமுத்துதான் கேட்டு வாங்கி, கயிறு கட்டி ரோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்தார். பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! எஞ்சினைக் குடைந்து, ரிங்கு மாற்றி, திண்டுக்கல்லுக்கும் தாராபுரத்துக்கும் அலைந்து பழைய இரும்புக் கடைகளில் குனிந்து குனிந்து பொறுக்கி, தகரம் வெட்டிக் கதவு செய்து, பின்பக்க ஸ்பிரிங்குக்கு இரண்டு பட்டை கூட்டி, தொட்டிக்கு வேங்கைப் பலகை அடித்து, இளநீல பெயிண்ட் அடித்து, அது காயும்வரை ஈ உட்காராமல் துண்டால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மழைக்காலங்கள் வந்து போயின. பெண்டாட்டி இருமினால் திரும்பிப் பார்க்காத மனுஷன், வண்டி இருமினால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடினார். கடைசியில் அது கிளம்பியது. ஊரில் ஒரு வண்டிக்கும் இல்லாத அப்படியொரு மிருதுவான சத்தம். மூன்று வாரம் அவர் சொன்ன பேச்சு கேட்டது. அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை.

நாச்சிமுத்து எழுந்து வந்து பார்த்தால் தன் வாசலில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் கிடக்கிறது. எதிரே வண்டி நிற்கிறது, அதன் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு மயில்சாமி டீ குடிக்கிறான்.

"ஏன்டா மயிலு, வண்டிய எடுக்கறதுன்னா ஒரு வார்த்த கேக்கமாட்டயா?"

"நான் எங்கீங்க சகலை எடுத்தேன்? பல்லு வெளக்கலாம்னு வெளிய வந்தேன், நின்னுட்டிருந்துச்சு. வந்துட்டயா கண்ணுன்னு கேட்டேன், அவ்வளவுதான்."

"கண்ணாம் கண்ணு! கோழி முட்ட போட்டப்ப இது கண்ணுன்னு தெரியலையாக்கும்?"

"அதுதானுங்க எனக்கும் வெளங்கல" என்று மயில்சாமி சிரித்தான்.

மறுநாள் சேவல் கூவும் முன்னேயே நாச்சிமுத்து கட்டிலை வாசலில் போட்டுக் கண்ணை இமைக்காமல் காத்திருந்தார். கிழக்கு வெளுத்ததும் வண்டி ஒரு தரம் தொண்டையைச் செருமியது, விளக்கைப் போட்டது, இண்டிகேட்டரையும் போட்டது. டவுனுக்குப் போகிற பால் வண்டிக்கு நின்று வழிவிட்டு, நிதானமாக ரோட்டைக் கடந்து எதிர்வாசலில் ஏறி நின்று அணைந்தது. ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிற ஒருத்தனுக்கும் அவ்வளவு ஒழுக்கம் கிடையாது. நாச்சிமுத்து கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் இழைத்து இழைத்துச் செய்த கை ரெண்டும் மடியில் கிடந்தன. பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் அதை ஓட்டி வந்தார். வண்டி முரண்டு பண்ணவில்லை, சமர்த்தாக வந்தது. மறுநாள் விடிந்ததும் மறுபடி போயிற்று.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? ஊர் அதை ஒரு மாட்டுச் சமாச்சாரமாக எடுத்துக்கொண்டது. வாங்கின மாடு பழைய வீட்டுக்கே ஓடுவது புதிதா என்ன! டீக்கடையில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கழுத்தில் கட்டை கட்டச் சொன்னான் ஒருத்தன். பம்பரில் கருவேலங்கட்டை ஒன்று தொங்கியது, அது லொடலொடவென்று ஆட ஆட வண்டி ரோட்டைக் கடந்தது. சுற்றிப் போடச் சொன்னாள் ஒருத்தி. பூசணிக்காய் உடைந்தது, வண்டி அதன் மேலேயே ஏறிப் போயிற்று. தீவனம் சரியில்லை என்றான் இன்னொருத்தன்; நாச்சிமுத்து பங்க்கை மாற்றி வேறு பங்க்கில் டீசல் போட்டார். வைத்தியம் பலிக்காத பிறகு ஊர் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆரம்பித்தது. பால் சொசைட்டி மயில்சாமி வீட்டை ஒட்டி இருந்ததால், இந்தப் பக்கத்துப் பெண்கள் பால் கேனைத் தூக்கிச் சுமக்காமல் அதன் தொட்டியில் வைத்துவிட்டார்கள். அது எப்படியும் போகப்போவதுதானே. காலை பஸ் டிரைவர் எதிரே வந்தால் நின்று வண்டி கடந்தபின் ஹாரன் அடித்துவிட்டுப் போவார். ஒரு நாள் அது கொஞ்சம் தாமதித்ததற்கு, "இதுக்கு இருக்கிற திமிரப் பாரு, பால் திரிஞ்சா இதுவா குடுக்கும்?" என்று ஒரு கிழவி கேபினைப் பார்த்தே திட்டினாள்.

ஒருத்தருக்காவது வாய் பிளக்கவேண்டும் என்று தோன்றவில்லை, ஒருத்தருக்காவது "பாவம் நாச்சிமுத்து" என்று சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. அதுதான் அவரை அறுத்தது. கடைசியில் மாட்டுத் தரகர் ராக்கியப்பனைக் கூட்டி வந்தார். கள்ளிமந்தயம் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டு விலை பேசியே வயசாகிப்போன ஆள் அவர். வண்டியை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார், ஹெட்லைட்டுக்கு நேரே குனிந்து கொஞ்ச நேரம் முறைத்தார்.

"இதை வாங்குனப்ப எந்தக் கயித்துலீங்க கட்டி இழுத்தீங்க?"

நாச்சிமுத்து யோசித்தார். "மயிலு வூட்டுக் கயிறுதான். அங்கயே கெடந்துச்சு, கட்டி இழுத்தேன்."

"அட என்னங்க நீங்க! நாலு மாடு கண்டவரு! வித்தவன் கயித்தோட எந்த உசுரையாவது ஓட்டிட்டு வரலாமுங்களா? நம்ம கயிறு கொண்டுபோய், அவங்க கயித்த அவுத்து அவங்க கையிலயே குடுத்துட்டு, அப்பறமில்ல புடிச்சிட்டு வரோணும்? நீங்க மாத்தலை. அது இன்னும் அவரு வூட்டுக் கயித்துலதான் நிக்குதுன்னு நெனச்சிட்டிருக்குது."

இரும்புதானே என்று நினைத்துச் செய்த தப்பு. நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே வண்டியை மயில்சாமி வாசலில் நிறுத்தி, பம்பரில் பழைய கயிற்றைக் கட்டி, ஊர் பார்க்க அவிழ்த்து மயில்சாமி கையில் கொடுத்தார்கள். புதுக் கயிற்றுக்கு மஞ்சள் தடவி நாச்சிமுத்து கட்டி இழுத்து வந்தார். மயில்சாமி பழைய கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வா கண்ணு" என்றான்.

"போயிட்டு வான்னு சொல்லாதீங்க! போன்னு சொல்லுங்க!" என்று தரகர் கத்தினார். அதற்குள் சொல்லியாயிற்று.

மறுநாள் காலையில் வண்டி புதுக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு போயிற்று. "கயிறு மாத்தியாச்சு, வண்டி உங்களுதுதான், அதுல ஒரு வில்லங்கமும் இல்லீங்க" என்றார் தரகர். "போறதும் வாறதும் அதோட பிரியமுங்க. அதுக்குக் கயிறு கெடையாது." இதற்கு அவர் வராமலேயே இருந்திருக்கலாம். திருட்டு என்றால் போலீஸ், பேய் என்றால் பூசாரி. பிரியம் என்றால் நாச்சிமுத்து எங்கே போவார்?

ஆயுத பூஜையன்று அவர் வண்டிக்குச் செய்ததைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் செய்திருக்கமாட்டார். ஷாம்பு போட்டுக் கழுவி, சீட்டுக்கு மெத்தென்று புது உறை தைத்து, ஏர் ஹாரன் மாட்டி, சந்தனம் வைத்து, முன்கண்ணாடியை மறைக்கும் அளவுக்குச் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்குக் கல்யாணத்தன்னைக்குக்கூட இத்தாச்சோட்டுப் பெரிய மால போடல நீங்க." அவர் காதில் விழவில்லை. கற்பூரம் அணைந்தது. வண்டி அந்த மாலையோடு, அந்தச் சந்தனத்தோடு, பட்டப்பகலில், எல்லோரும் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருக்கும்போதே, ஏர் ஹாரனை ஒரு தரம் அடித்துப் பார்த்துவிட்டு எதிர்வாசலுக்குப் போயிற்று. அலங்காரத்தைக் காட்டப் போன மாதிரி இருந்தது.

மயில்சாமி வெளியே வந்து, "அட அட அட, ஆரு இது, அடையாளமே தெரியலையே!" என்றான். பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கதை பேச ஆரம்பித்தான். கத்தரிக்காய் என்ன விலைக்குப் போனது, கலாமணி எதற்குக் கோபித்துக்கொண்டாள், மாமனாருக்கு மூட்டுவலி எப்படியிருக்கிறது. அவ்வளவுதான் அவன் செய்தது. ஒரு துணியெடுத்துத் துடைத்தானா? ஒரு கிரீஸ் வைத்தானா? நாச்சிமுத்து ரோட்டுக்கு இந்தப் பக்கம் கற்பூரத் தட்டோடு நின்று பார்த்தார். இப்படியொரு வயிற்றெரிச்சல் அவர் ஜென்மத்தில் பட்டதில்லை. ஒரு நாள் தனியாக இருக்கையில் வண்டியிடம் கேட்டே விட்டார், "அவங்கிட்ட அப்பிடி என்னத்தக் கண்ட?" என்று. வண்டி பதில் சொல்லவில்லை. இவரும் அதோடு பேசிப் பழகியதில்லை, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் டயருக்குக் காற்று பார்த்தார்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், மயில்சாமி வாசலில் நின்றிருந்த வண்டிக்குள் 'டக்'கென்று ஏதோ உடைந்தது. மயில்சாமி பதறிப்போய் அதைச் சுற்றி ஓடினான், கலாமணியைக் கூப்பிட்டான், ஒரு சொம்பு தண்ணீரை எடுத்து வந்து எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றான். வண்டி மெல்ல நகர்ந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரகரவென்று அரைத்துக்கொண்டு, சேற்றில் எண்ணெய்க் கோடு போட்டபடி, ரோட்டைக் கடந்து நாச்சிமுத்து வாசலுக்கு வந்தது. யாரும் ஓட்டி வரவில்லை, யாரும் கூப்பிடவில்லை. வேப்பமரத்தடியில், செயின் பிளாக்குக்கு நேர் கீழே வந்து நின்று அணைந்தது.

சோற்றில் கை வைத்திருந்த நாச்சிமுத்து எழுந்து ஓடினார். அது தன்னைத் தேடி வந்திருக்கிறது என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரமாயிற்று; புரிந்ததும், ஐம்பதைத் தாண்டிய மனுஷன், மழையில் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினார். ஊரும் ஒத்துக்கொண்டது. "நோவுன்னதும் ஆத்தா வூட்டுக்கு வந்துருச்சு பாத்தயா" என்றார்கள் பால்கேன்காரப் பெண்கள். அந்தப் பேச்சை நாச்சிமுத்து காதில் சரியாக விழாத மாதிரி ரெண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டார்.

கியர் பெட்டி நொறுங்கியிருந்தது, எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் இறக்கி, தார்ப்பாய் கட்டி, அவர் வேலை செய்தார். அந்த நாட்கள்தான் அவர் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். விடிந்தால் வண்டி வாசலில் இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் இருந்தது. நகர முடியாமல், அவர் கையை நம்பிக்கொண்டு இருந்தது. எதிரே மயில்சாமி டீ டம்ளரோடு வந்து, காலி வாசலைப் பார்த்துவிட்டு, ரோட்டோரம்வரைக்கும் வந்து நிற்பான். சிரிப்பு இல்லை.

"எப்பிடீங்க சகலை இருக்குது?"

"இருக்குது, இருக்குது. இதெல்லாம் அவசரத்துல ஆவற காரியமா?"

"நான் வேணா வந்து சித்த நேரம் பக்கத்துல உக்காந்துக்கட்டுங்களா?"

"வேண்டாம். வேலை கெடும்" என்றார் நாச்சிமுத்து. மயில்சாமியின் முகம் சுருங்கியதைப் பார்க்க அவருக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது. ரெண்டாவது தரமும் அவன் கேட்கமாட்டானா என்று இருந்தது.

ஆனால் எந்த வேலைக்கும் முடிவு வந்துதானே தீரும். கியர் பெட்டி ஏறிவிட்டது. ஷாஃப்ட் நேராகிவிட்டது. கடைசியில், ஷாஃப்டைப் பின்சக்கரத்தோடு பூட்டுகிற நாலு போல்ட்டுகள் மட்டும் டப்பாவில் மிச்சம் இருந்தன. கால்மணி நேர வேலை. நாச்சிமுத்து டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதைப் பூட்டினால் நாளை விடிந்ததும் இந்த வாசல் காலி. அவன் டீ டம்ளரோடு வெளியே வருவான், வந்துட்டயா கண்ணு என்பான். அதை நினைத்ததும் அவர் கை தானாகப் போல்ட்டுகளைப் பொறுக்கியது. மடியில் கட்டிக்கொண்டார். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய், அரிசி டிரம்மைத் திறந்து, கையை முழங்கைவரை விட்டு அடியில் புதைத்தார். வாசலுக்குத் திரும்பி வந்தபோது வண்டியின் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் வண்டி கிளம்பியது. எஞ்சின் உறுமியது, விளக்கு எரிந்தது, கியர் விழுந்தது; சக்கரம் அசையவில்லை. இன்னும் உறுமியது. உடம்பு மொத்தமும் நடுங்கி, சைலன்சர் புகையைக் கக்கி, நின்ற இடத்திலேயே தவித்துவிட்டு அணைந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. அதற்கும் மறுநாளும். "இன்னும் வேலை பாக்கி" என்றார் நாச்சிமுத்து, கேட்டவர்களிடம். ஊர் நம்பியது. பெரிய கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அரிசி அளக்கப்போன சாந்தாமணிக்குப் படியில் போல்ட்டு வந்தது. நாலையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க இது?"

"கத்தாத. எதிர்த்தாப்புல கேக்கும்."

"நெலப்படிக்கு உள்ள கொண்டாந்திருக்கீங்க. பொறந்த கொழந்தைக்குக்கூட இந்தச் சட்டம் தெரியும் இந்த ஊருல."

"பூட்டுனா நாளைக்கே அங்க போயிரும் சாந்தா."

"போகட்டும். போயிட்டு வரட்டும்."

"எங்க வருது? நான் போய் ஓட்டியாந்தாத்தான் வருது."

"அன்னைக்கு மழையில ஆருங்க ஓட்டியாந்தா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"காத்தால அது கெடந்து உறுமறது எனக்கு அடுப்படிவரைக்கும் கேக்குதுங்க" என்றாள் சாந்தாமணி. "கைகால் இருக்குது, எந்திரிக்க முடியல. ஆரு கை நல்லாக்கும்னு தேடி வந்துச்சோ அந்தக் கையே இப்பிடிப் பண்ணுனா, அது எங்க போயிச் சொல்லும்?"

போல்ட்டுகளை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். நாளைக்குப் பூட்டிவிடலாம் என்று நாச்சிமுத்து நினைத்தார். ஒரே ஒரு காலை, இன்னும் ஒரே ஒரு காலை வாசலில் அதைப் பார்த்துவிட்டுப் பூட்டிவிடலாம்.

அந்த ஒரு காலையில் வண்டி உறுமவில்லை. கிழக்கு வெளுத்தது, பஸ் போனது, வெயில் பானெட்டில் ஏறியது, வண்டி பேசாமல் நின்றது. நாச்சிமுத்து போல்ட்டுகளோடு ஓடிப்போய் அடியில் மல்லாந்து படுத்து, நாலையும் பூட்டினார். பிறகு அதன் முன்னால் வந்து, ஹெட்லைட்டுக்கு நேரே நின்று, "பூட்டியாச்சு, போ" என்றார். "போ சாமி, அங்கயே போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." வண்டி அசையவில்லை. சாவி போட்டார்; கிளம்பியது. கியர் போட்டார், நகர்ந்தது. அணைத்தார், நின்றது. எல்லா வண்டியையும் போல.

அதன்பின் அது தானாக ஓர் அங்குலம் நகரவில்லை. ஊர் இதையும் மாட்டுச் சமாச்சாரமாகவே எடுத்துக்கொண்டது. வற்றிப்போன மாட்டைப் பற்றி எவ்வளவு நாள் பேசுவார்கள்? பால்கேன் பெண்கள் நாலு நாள் திட்டினார்கள், பிறகு கேனைத் தலையில் தூக்கிக்கொண்டார்கள். "கடைசியில உங்க வழிக்கே வந்துருச்சுங்க நாச்சிமுத்தண்ணா, விடாம நின்னீங்கல்ல" என்று டீக்கடையில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். மயில்சாமி ஒரு தரம் வந்து, பானெட்டில் கையை வைத்து, "கண்ணு" என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தான். நாச்சிமுத்துவை ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இப்போது வண்டி முழுக்க முழுக்க அவருடையது, மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் சுமந்தது, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, விடிந்தால் வாசலில் நின்றது. அதை அங்கே பார்க்கப் பிடிக்காமல் அவர் கொல்லைப்பக்கம் போய்ப் பல் துலக்கினார்.

தை பிறந்து பனி கொட்டிய ஒரு விடியலில், யாரும் எழாத நேரமாகப் பார்த்து, நாச்சிமுத்து வாசலுக்கு வந்தார். கைப்பிரேக்கை இறக்கினார். சாவி போடவில்லை; சாவி போட்டால் அது ஓட்டிக்கொண்டு போனதாக ஆகிவிடும். கதவைத் திறந்து வைத்து, ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் கதவுச் சட்டத்தில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் காலை ஊன்றித் தள்ளினார். வாசல் சரிவில் இறங்கிவிட்டது. ரோட்டைத் தாண்டியதும் எதிர்வாசல் மேடு தடுத்தது. அவர் தம் கட்டித் தள்ளினார், வண்டி அரையடி ஏறி ஒரு அடி பின்வாங்கியது. மூச்சு இரைத்தது. அப்போது மயில்சாமி வீட்டுக் கதவு திறந்தது.

டீ டம்ளரோடு வெளியே வந்தவன், வண்டியைப் பார்த்தான். கதவுச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, வேர்த்து ஒழுக நிற்கிற சகலையைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ, எத்தனை நாளாகப் புரிந்திருந்ததோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரைச் சுற்றுச்சுவரில் வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"ஸ்டியரிங்க நான் புடிச்சுக்கறனுங்க சகலை, நீங்க பின்னால போய்த் தள்ளுங்க. ஊரு எந்திரிக்கறதுக்குள்ள நிறுத்திருவோம்."

நாச்சிமுத்து பின்னால் போய்ப் பலகையில் தோளை வைத்தார். முன்னால் மயில்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்து, பானெட்டை ஒரு தட்டுத் தட்டினான். அவன் கை பட்டதும் வண்டி கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது, தள்ளாமலே ஒரு சாண் ஏறின மாதிரிகூட இருந்தது. நாச்சிமுத்துவின் வயிறு பழையபடி பற்றிக்கொண்டு எரிந்தது. எரிந்தாலும் தோளை எடுக்காமல் தள்ளினார்.